பொகவந்தலாவையில் ஒரு பாடப்புத்தகப் பெயர்

கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம், 1833. வரலாற்றுப் பாடத்தில் நாம் மனனஞ் செய்த வரி இது. அந்தக் கமரன் நமது மலைநாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதைக் கடந்த விடுமுறையில்தான் அறிந்தேன்.

பொகவந்தலாவையில் கடை வைத்திருக்கும் மாமா எங்களைப் பரிசுத்த மரியாள் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றார். தேயிலை மலைகள் சூழ்ந்த சிறிய அங்கிலிக்கன் ஆலயம் அது. ஆங்கிலேயத் தோட்டத் துரைமாரின் காலத்தது. அதன் கல்லறைத் தோட்டத்தில் சார்ள்ஸ் ஹே கமரனும், மனைவி ஜூலியா மார்கரெட் கமரனும் அடங்கியுள்ளனர்.

இராசகாரிய முறையை நீக்க வழிவகுத்த ஆணைக்குழுவில், நீதித்துறை பற்றிய அறிக்கையை எழுதியவர் கமரன். பின்னர் இங்கு கோப்பித் தோட்டங்களுக்கும் சொந்தக்காரரானார். 1875 இல் மனைவியுடன் இலங்கையில் குடியேறினார்.

கணவரை நாம் படிக்கிறோம். ஆனால் உலகம் அதிகம் அறிந்தது மனைவியைத்தான். கல்கத்தாவில் 1815 இல் பிறந்த ஜூலியா, 48 வயதில் மகள் பரிசளித்த கமராவால் புகைப்படக் கலைஞரானார். டார்வினும் கவிஞர் டெனிசனும் அவர் முன் அமர்ந்தனர். இலங்கையிலும் கிராமத்தவரையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். எஞ்சியவை மிகச் சிலவே. 1879 இல் அவர் இறந்தார்; மறு வருடம் கணவரும் இறந்தார்.

டார்வினின் படத்தில் டார்வினின் பெயர் இருக்கிறது. இலங்கைப் படங்களில் இருப்போரின் பெயர்களோ பெரும்பாலும் பதிவாகவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, இம்மலைகளில் கோப்பி நட்டவர்களில் பலர் வழியிலேயே மாண்டனர். அவர்களுக்குக் கல்லறையுமில்லை.

எங்கள் மையவாடியில் வாப்பும்மாவின் கப்றிலும் பெயரில்லை. ஆனால் அவர் எங்கே அடங்கியிருக்கிறார் என்பது வாப்பாவுக்குத் தெரியும். பெயர் எழுதாதிருப்பது வேறு, பெயரைக் கேட்காமலே விடுவது வேறு என்று அன்று அந்தக் கல்லறைகளுக்கு நடுவே நின்றபோது விளங்கியது.

வீடு திரும்பியதும் உம்மாவிடமிருந்த பழைய குடும்பப் படத்தை எடுத்தேன். பதினொரு பேரில் நால்வரை எனக்குத் தெரியவில்லை. உம்மும்மாவிடம் கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் பெயர்களை எழுதினேன். தோழியரே, சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே நீங்களும் கேட்டு எழுதி வையுங்கள்.