பரிந்து பேச ஆளில்லாத மாத்திரை

எச்.ஐ.வி. ஆளைக் கொல்கிறது என்கிறார்கள். அது கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறது, தோழர்களே! உள்ளே புகுந்து உயிர் குடிப்பவை பெரும்பாலும் வேறு பகைகள்: நிமோனியாக் கிருமி, குருதியில் நஞ்சேற்றும் சால்மோனெல்லா, ஒடுங்கிக் கிடந்து தலைதூக்கும் காசநோய்.

இவற்றுள் சிலவற்றைத் தடுக்கக் கோடி கொட்டிப் புதுமருந்து தேட வேண்டுமா? கோட்ரைமாக்சசோல் என்றொரு பழைய மாத்திரை இருக்கிறது. காப்புரிமை எவரிடமும் இல்லை. விலையோ சில காசு. அதனால்தானோ என்னவோ, அதற்காகப் பெட்டி தூக்கி வந்து பரிந்து பேச ஆளில்லை!

மேற்கு ஆப்பிரிக்காவில், ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரில், காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து தாக்கிய 771 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு நாள்தோறும் இம்மாத்திரை. மறு பாதிக்கு அதேபோல் தோன்றும் மருந்தில்லா மாத்திரை. 1999இல் முடிவு வெளிவந்தது. மருந்தில்லாதோரில் 86 பேர் மாண்டனர். மருந்து உண்டோரில் 51 பேர். மறு ஆண்டே, கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

கொடுத்தார்களா? பல நாடுகளில் அப்பரிந்துரை கோப்புக்குள் உறங்கிற்று. கிருமிகள் இம்மருந்துக்குப் பழகிவிட்டன, இனிப் பலிக்காது என்றொரு வாதம். அறிவுள்ள வாதம்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் வாதம் நடந்த காலத்தில் செத்தவன் ஏழையல்லவா?

சாம்பியாவின் லுசாகா நகரில், அப்படிப் பழகிய கிருமிகள் மலிந்த இடத்திலேயே, எச்.ஐ.வி. கண்ட குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தனர். மருந்து தரப்பட்ட 265 பிள்ளைகளில் 74 பேர் இறந்தனர். தரப்படாத 269 பேரில் 112 பேர்! 2003இல் சோதனையையே இடையில் நிறுத்தினர். இனி யாருக்கும் மறுக்க மனம் வருமா?

எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துதான் வந்துவிட்டதே, இது எதற்கு என்பாரும் உண்டு. உகாண்டாவிலும் சிம்பாப்வேயிலும், கூட்டு மருந்தால் தேறிய பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இதை நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தப்பட்டவர்களே கூடுதலாக மருத்துவமனையில் படுத்தனர் என்று 2014இல் தெரிந்தது.

சல்பா மருந்து ஒவ்வாதோருக்கு உடல் தடிக்கும். ஆகவே கடையில் வாங்கித் தானே விழுங்கும் சரக்கல்ல இது. தொடங்குவதும் நிறுத்துவதும் குருதிச் சோதனை பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியவை. ஆனால், மாத்திரை தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் வா என்று எந்த மருந்தகமாவது நோயாளியைத் திருப்பியனுப்பினால், நம் தோழர்கள் அங்கே போய்க் கேட்கட்டும்: எத்தனை நாளாய்த் தீர்ந்திருக்கிறது? யாருடைய கையெழுத்துக்குக் காத்திருக்கிறது?