பழைய அறுவடை இயந்திரமும் வயலில் சிந்தும் நெல்லும்



நான்கு மாதம் நீர் கட்டி, களை பிடுங்கி, பன்றிக்கும் பறவைக்கும் காவல் இருந்து விளைவித்த நெல்லை, அறுக்கும் ஒரு மணி நேரத்தில் நிலத்தில் சிந்தவிடுவது பெருநட்டமாகும். லுணுகலையின் பள்ளத்தாக்கு வயல்களிலும், அங்கிருந்து பிபிலைப் பக்கமாக இறங்கும் தாழ்நிலங்களிலும், இயந்திரம் இறங்கக்கூடிய அகன்ற வயல்களில் இன்று அரிவாளுக்குப் பதிலாக அறுவடை இயந்திரமே வேலை செய்கின்றது. வாடகைக்கு வரும் இயந்திரங்களுட் பல, பல போகங்கள் உழைத்துத் தேய்ந்தவை. இயந்திரம் பழையது என்பதனால் அதனை ஒதுக்கவேண்டியதில்லை. அது எங்கே நெல்லைச் சிந்துகின்றது என்பதை அறிந்து திருத்திக்கொண்டால் போதுமானது.

இயந்திரம் வருமுன்

கதிரிலுள்ள மணிகளில் நூற்றுக்கு 80 முதல் 85 வரை வைக்கோல் நிறம் அடைந்ததும் நெல் அறுவடைக்குத் தயாராகும். அப்போது மணியின் ஈரப்பதன் நூற்றுக்கு 20 முதல் 25 வரை இருக்கும். இதனைக் கடந்து நிற்கவிட்டால், வெட்டுக்கத்தி படுமுன்னரே மணிகள் உதிரத் தொடங்கும். ஆகவே இயந்திரத்தை முற்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன் வயலின் நீரை வடித்துவிடுங்கள். சேற்றில் இறங்கும் இயந்திரம் ஆழ்ந்த தடம் பதிக்கும். நெல்லுக்குப் பின் அதே வயலில் மரக்கறி செய்வோர் இதில் விசேட கவனம் செலுத்தவேண்டும். இறுகிய தடங்களில் நீர் தேங்கி, போஞ்சி, தக்காளி முதலிய பயிர்களின் வேர் அழுகும்.

காலையில் பனி உலரும் வரை பொறுத்திருங்கள். நனைந்த வைக்கோல் உருளையில் சுற்றிக்கொள்ளும், சல்லடையும் அடைபடும்.

பழைய இயந்திரத்திற் பார்க்கவேண்டியவை

இயந்திரத்தை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்த பின்னரே இவற்றைப் பார்த்தல் வேண்டும்.

1. வெட்டுக்கத்தி: மழுங்கிய அல்லது உடைந்த பற்கள் தாளை வெட்டாமல் இழுக்கும். அந்த அதிர்ச்சியால் மணி உதிரும்.

2. கதிரை உள்ளே சாய்க்கும் சுழல் சட்டம்: இது இயந்திரம் நகரும் வேகத்திலும் சற்றே கூடிய வேகத்திற் சுழலவேண்டும். மிக வேகமாயின் கதிரை அடித்து உதிர்க்கும். மெதுவாயின் வெட்டிய கதிர் முன்னே விழும்.

3. சூடடிக்கும் உருளையும் அதன் கீழுள்ள வளைதட்டும்: பற்கள் தேய்ந்திருப்பின் மணி கதிரிலேயே தங்கி வைக்கோலுடன் போய்விடும்.

4. வார்ப்பட்டிகள்: தளர்ந்த பட்டி வழுக்கும். எஞ்சின் வேகம் சரியாக இருந்தாலும் விசிறியும் உருளையும் தளர்ந்து சுழலும்.

5. ஓட்டைகள்: தகடு துருப்பிடித்த இடங்களிலும் மூடிகளின் இடுக்குகளிலும் நெல் ஒழுகும். கனடாவில் கடுகின் இனமாகிய கனோலாவைப் பழைய இயந்திரத்தால் அறுப்போர் மிகவும் அஞ்சுவது இதற்கே. அவ்வித்து கடுகளவே ஆதலால் ஆணித்துளையாலும் வெளியேறிவிடும். நெல்மணி பெரிது எனினும் பாடம் ஒன்றே. தகட்டாலும் இறப்பராலும் ஓட்டைகளை அடைத்துக்கொள்க.

சிந்திய நெல்லை எண்ணும் முறை

நான்கு தடிகளைக் கட்டி, உட்புறம் ஓர் அடி நீளமும் ஓர் அடி அகலமும் உள்ள சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். வயலின் நடுவே, இயந்திரம் வழமையான வேகத்தில் அறுத்துக்கொண்டிருக்கும்போது, அதனை நிறுத்திச் சில அடி தூரம் பின்னோக்கி எடுக்கச் சொல்லுங்கள். பின்னர் எஞ்சினை அணைத்துவிட்டு மூன்று பகுதிகளில் எண்ணுங்கள்.

முதலாவது, இன்னும் அறுக்காத பயிரின் அடி. இரண்டாவது, கத்தி அறுத்தும் வைக்கோல் விழாத நிலம். மூன்றாவது, இயந்திரத்தின் பின்னே வைக்கோல் விழுந்த நிலம். மூன்றாம் பகுதியில் வைக்கோலை உதறி, அதிலுள்ள மணிகளையும் சேர்த்து எண்ணவேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் வெட்டு அகலம் முழுவதிலும் பரவலாக ஐந்து இடங்களிற் சட்டத்தை வைத்து, சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுத்தர மணியுள்ள நெல்லில் ஆயிரம் மணியின் நிறை ஏறக்குறைய 25 கிராம். ஒரு சதுர அடியில் 19 மணி கிடந்தால், ஏக்கருக்கு ஏறக்குறைய 20 கிலோகிராம், அதாவது ஒரு புசல் நெல், நிலத்திற் கிடக்கின்றது என்பது கணக்கு. சிறுமணிச் சம்பாவில் இது சற்றுக் குறையும்.

ஓர் உதாரணம் பாருங்கள். அறுக்காத இடத்தில் 3 மணி, கத்திக்குப் பின் 12 மணி, வைக்கோலின் கீழ் 50 மணி எனக் கொள்வோம். முதல் 3 மணி தானாக உதிர்ந்தவை. கத்தியும் சுழல் சட்டமும் உதிர்த்தவை 9. மீதி 38 மணி இயந்திரத்தின் உட்பகுதியால் வெளியேறியவை. இயந்திரத்தால் வந்த நட்டம் 47 மணி. ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டரைப் புசல். இங்கே கத்தியைத் தீட்டுவதால் மட்டும் பெரும்பயன் வராது. உட்பகுதியையே திருத்தவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

குறியும் திருத்தமும்

வைக்கோலிலுள்ள கதிரில் மணி ஒட்டியிருந்தால், உருளையின் வேகத்தைச் சிறிது கூட்டுக. அல்லது வளைதட்டின் இடைவெளியைக் குறைக்க.

நெற்பெட்டியில் உடைந்த மணியும் உமி நீங்கிய அரிசியும் காணப்பட்டால், உருளையின் வேகத்தைக் குறைக்க. அல்லது இடைவெளியைக் கூட்டுக.

பதருடன் முற்றிய நெல் பறந்து போனால், விசிறியின் காற்றைக் குறைக்க. நெற்பெட்டியிற் பதரும் தூசும் மிகுந்தால், காற்றைக் கூட்டுக.

எல்லாப் பகுதியாலும் நெல் போவதாயின், இயந்திரம் தாங்கும் அளவிற்கு மேல் பயிர் உட்செல்கின்றது என்று கொள்க. முதலில் நகரும் வேகத்தைக் குறைப்பதே தக்க பரிகாரம்.

ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் மட்டுமே செய்து, சிறிது தூரம் அறுத்து, மறுபடி எண்ணிப் பாருங்கள். பலவற்றை ஒன்றாக மாற்றினால் பயன் தந்தது எது என்று தெரியாது.

ஏக்கர்க் கணக்கிற் கூலி பெறுபவர் விரைந்து முடிக்க விரும்புவது இயல்பே. ஆகையால் வேகத்தையும் சோதனை ஓட்டத்தையும் வயலில் இறங்குமுன்னரே பேசி உடன்பட்டுக்கொள்ளுங்கள். பாதி வயல் முடிந்தபின் எழும் வாதத்தால் சிந்திய நெல் திரும்பாது.

களைநெல்லைக் கொண்டுவராதீர்

இயந்திரம் ஒரு வயலின் நெல்லை மற்றொரு வயலுக்குச் சுமந்து செல்லும். களைநெல் எனப்படும் காட்டுத்தன்மையுள்ள நெல் பரவுவதற்கு இதுவும் ஒரு வழி. அது உங்கள் பயிருடன் முளைத்து, முன்னதாகவே மணியை உதிர்த்து, ஆண்டுதோறும் பெருகும். நெல்லைப் போன்ற தோற்றமுடையதாதலால் இளம் பருவத்திற் பிரித்தறிவதும் அரிது. இயந்திரம் உங்கள் வரம்பைத் தாண்டுமுன் நெற்பெட்டி, தூக்கி, சல்லடை, சில்லு அல்லது சங்கிலித்தடம் ஆகியவற்றைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். முதலில் வெளிவரும் நெல்லை விதைக்கு வைக்காதீர். விதைநெல்லுக்கான பகுதியை இயலுமாயின் கையால் அறுத்துக்கொள்ளுங்கள்.

அறுத்தபின்

ஈரநெல்லைச் சாக்கில் அடைத்து வைத்தால் சூடேறி நிறம் கெடும். 24 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்குக. சேமிப்பதற்கு ஈரப்பதன் நூற்றுக்கு 14க்கு மேற்படலாகாது. நிலத்திற் சிந்திய நெல் அடுத்த பயிர்க் காலத்தில் மரக்கறிப் பாத்தியிற் களையாக முளைக்கும். ஆகவே முதல் நீர் பாய்ச்சி, முளைக்கவிட்டு, புரட்டி அழித்தபின் பாத்தி அமையுங்கள்.

எச்சரிக்கை

வைக்கோல் அடைபட்டால், ஓடும் இயந்திரத்துள் கையை விடாதீர், தடியாலும் குத்தாதீர். எஞ்சினை அணைத்து, உருளை முற்றாக நின்றபின்னரே அடைப்பை நீக்குக. பிள்ளைகளை வயலுக்கு வெளியே நிறுத்துக. சிந்திய நெல்லை அடுத்த போகத்தில் மீட்கலாம். இழந்த விரல் மீளாது.

உங்கள் வயலுக்குரிய மேலும் ஆலோசனைகளை அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். வரும்போது நீங்கள் எண்ணிய மணிக்கணக்கையும் கொண்டுவாருங்கள்.