உங்களுக்குத் தெரியுமா? தலையால் செடியில் ஒட்டித் தொங்கும் மீன்குஞ்சு

பொரிந்து வந்ததும் பைக் மீன்குஞ்சு நீந்தித் திரிவதில்லை. தலையின் முன்புறம் சுரக்கும் பசையால் நீர்ச்செடியின் இலையிலோ தண்டிலோ ஒட்டிக்கொண்டு, பல நாட்கள் அப்படியே தொங்குகிறது. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகியவற்றின் குளிர்ந்த ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் இந்த மீன், வளர்ந்தபின் ஒரு மீட்டருக்கும் மேல் நீளக்கூடிய பெரும் வேட்டைமீன் என்பது வியப்பைக் கூட்டுகிறது.

• தொங்கும் நாட்களில் வயிற்றுப்பையிலுள்ள மஞ்சள் கருவே உணவு. அடிச்சேற்றில் ஆக்சிஜன் குறைவு. அங்கே விழாமல் செடி தாங்கிக்கொள்கிறது. முட்டைகளும் ஒட்டும் தன்மையுடையவை. அதனால் தாய்மீன் வசந்த காலத்தில் வெள்ளம் மூடிய புல்வெளிகளைத் தேடிப் போகிறது.

• சாதா கெண்டையின் முட்டையும் இப்படித்தான் ஒட்டும். இந்தியக் குஞ்சுப் பண்ணைகளில் முட்டைகளைச் சேகரிக்க ஹைட்ரில்லா செடிகளை நீரில் இடுவது வழக்கம்.

• செடிக்காடு உயிர் காக்கும். ஆனால் அதற்கு விலை உண்டு. ஏர்ல் வெர்னர் குழு அமெரிக்காவில் நடத்தி 1983-இல் வெளியிட்ட குளச் சோதனையில், பாஸ் என்னும் வேட்டைமீன் இருந்த பகுதியில் சிறிய புளூகில் மீன்கள் செடிகளுக்குள்ளேயே ஒதுங்கின. வெளியே இரை கூடுதலாக இருந்தும் போகவில்லை. வளர்ச்சி குறைந்தது.

• செடிகள் அளவுமீறி அடர்ந்தால் ஆபத்து. இரவில் அவையும் சுவாசிப்பதால், விடியுமுன் நீரில் ஆக்சிஜன் சரிந்துவிடும்.