மாடிமேல் ஏறும் பாரம்

வீடு கட்டிக் குடிபுகுந்த பிறகு மனிதர் மறந்துவிடுகிற பகுதி மொட்டைமாடி. மறந்துவிடுவதனாலேயே அதன்மேல் எதையும் ஏற்றலாம் என்கிற துணிச்சலும் வந்துவிடுகிறது. முதலில் ஒரு தண்ணீர்த் தொட்டி, பிறகு அறைக்கு ஒன்றாகக் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டிகள், அதன்பின் சூரிய ஒளித் தகடுகள், கட்டடம் கல்யாண மண்டபமாகவோ மருத்துவமனையாகவோ இருந்துவிட்டால் குளிர்விப்புக் கோபுரமும் ஜெனரேட்டரும் என்று, யந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறிக்கொண்டே போகின்றன. தாங்குமா என்று கேட்டால், "அதெல்லாம் தாங்கும்" என்று மேஸ்திரி சொல்லுகிற பதிலில் அனுபவமும் உண்டு, அசட்டையும் உண்டு. எது எவ்வளவு என்பதுதான் கேட்பவருக்குத் தெரிவதில்லை.

இந்தியத் தர விதிகளின்படி, மனிதர் ஏறி நடமாடக்கூடிய தட்டைக் கூரையானது, தன் சொந்த எடை நீங்கலாக, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரத்தைத் தாங்கும்படி வகுக்கப்படுகிறது. மாலையில் நாலு பேர் உட்கார்ந்து காற்று வாங்குவதற்கும், வெயிலில் வற்றல் காயப்போடுவதற்கும் இது தாராளம். ஆனால் 1000 லிட்டர்த் தொட்டி ஒன்று நிறைந்துவிட்டால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அதன் அடிப்பாகமோ ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஆகவே, தொட்டி நிற்கிற அந்தச் சிறு இடத்தில் வகுத்த அளவைப்போல் ஆறேழு மடங்கு பாரம் உட்கார்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் பெரும்பாலான தளங்கள் விழாமல் நிற்பதற்கு, சுற்றியுள்ள தளம் அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதும், பாதுகாப்பை உத்தேசித்துப் பொறியாளர் சேர்த்துவைத்த உபரி பலமுமே காரணம். அந்த உபரியை நாம் அறியாமலே செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

உபரி தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவின் தலைநகரான சியோலில் ஒரு கோரமான சாட்சி உண்டு. சம்பூங் என்னும் பெரிய அங்காடிக் கட்டடம் 1995 ஜூன் 29ஆம் தேதி மாலை, மக்கள் நிறைந்திருந்த வேளையில், சில விநாடிகளுக்குள் இடிந்து விழுந்தது; மாண்டவர் 502 பேர். பாரத்தைத் தூணுக்குக் கொண்டுசெல்லும் உத்திரங்கள் இல்லாமல், தளமே நேராகத் தூண்களின்மேல் படிந்திருக்கும் முறையில் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில், தூண்கள் வரைபடத்தில் இருந்ததைவிட மெல்லியவையாக இருந்தன. முதலில் திட்டத்தில் இல்லாத ஐந்தாம் மாடி ஒன்றும், அதில் கனத்த கான்கிரீட் தரையோடு கூடிய உணவகங்களும் பின்னால் சேர்ந்துகொண்டன. குறைகள் பல, எனினும் நம் விஷயத்துக்கு நேரே சம்பந்தப்பட்டது கூரையின்மேல் இருந்த குளிர்விப்பு யந்திரங்களின் கதை. இரைச்சல் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் முறையிடவே, 1993இல் அவற்றைக் கூரையின் மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். மாற்றியதில் தவறில்லை, மாற்றிய விதத்தில்தான் தவறு. பாரந்தூக்கியால் தூக்கி இறக்காமல், உருளைகளின்மேல் வைத்துக் கூரைநெடுகிலும் இழுத்துச் சென்றார்கள். போன வழியில் விரிசல் கண்டது. புதிய இடத்தில் யந்திரங்கள் ஓடும்போதெல்லாம் எழுந்த அதிர்வு அந்த விரிசலை மெல்ல மெல்ல அகலப்படுத்திற்று. கடைசி நாளன்று மேல்மாடியை மூடினார்கள், யந்திரங்களையும் நிறுத்தினார்கள். கடையை மட்டும் மூடவில்லை.

இவ்வளவையும் சொன்னது வாசகரைப் பயமுறுத்துவதற்கல்ல. யந்திரத்தைத் தாங்குவது எது என்கிற கேள்விக்குத் தளம் என்று விடை சொல்வது சரியன்று என்பதைக் காட்டவே. தளம் தாங்குவதில்லை, வாங்கிக் கைமாற்றுகிறது. தளத்திலிருந்து உத்திரத்துக்கும், உத்திரத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அஸ்திவாரத்துக்கும் பாரம் இறங்கிப் போகவேண்டும். அந்த வழி எவ்வளவு குறுகியதோ அவ்வளவு க்ஷேமம். ஆகையால் யந்திரத்தின் கால் எங்கே ஊன்றுகிறது என்பதே முதல் விசாரணை. எதனால் செய்த கால் என்பது அதற்கு அடுத்தபடிதான்.

சாதாரணமாகக் காண்கிற ஏற்பாடு, நாலு செங்கல்லையோ இரண்டு கான்கிரீட் கட்டைகளையோ தட்டோட்டின்மேல் வைத்து யந்திரத்தை அதன்மேல் உட்காரவைப்பது. முப்பது நாற்பது கிலோ எடையுள்ள வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு இது போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய யந்திரங்களுக்குக் காலடியில் அகலமான இரும்புத் தகடு வைத்துப் பாரத்தைப் பரப்புவார்கள். ஆனால் குடம் சுமப்பவள் தலையில் வைக்கும் சும்மாடு குடம் ஒரே இடத்தில் அழுத்தும் வலியைக் குறைக்குமேயன்றிக் குடத்தின் எடையைக் குறைக்காததுபோல, அந்தத் தகடும் தளத்தின் நோவைப் பரப்புகிறதே தவிர மொத்தப் பாரத்தில் ஒரு கிலோவைக்கூடக் குறைப்பதில்லை. உண்மையான பரிகாரம் வேறு. கீழேயிருக்கும் தூண்களின் நேர்மேலே, கூரைத் தளத்தைத் தாண்டிக் குட்டைத் தூண்களை எழுப்பி, அவற்றின் தலைகளை இரும்பு உத்திரங்களால் இணைத்து, அந்தச் சட்டத்தின்மேல் யந்திரத்தை நிறுத்திவிட்டால், தளத்துக்கு அந்த யந்திரத்தோடு சம்பந்தமே இல்லாமற் போய்விடும். செலவு அதிகந்தான். கட்டும்போதே செய்தால் அவ்வளவு அதிகமில்லை. வருங்காலத்தில் இன்னொரு மாடி எழுப்பும் ஆசையால் நம் ஊர் மாடிகளில் தூண்கம்பிகளை வானத்தைப் பார்த்து நீட்டிவிட்டுத் துருப்பிடிக்க விடுகிறோமே, அந்த இடங்களே யந்திரம் நிற்பதற்கு உத்தமமான ஸ்தானங்கள்.

குட்டைத் தூண் விஷயத்தில் பாரத்துக்கு இணையான பகை தண்ணீர். நம் பக்கத்துக் கூரைகளில், கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து வாட்டமாகக் கொட்டி, அதன்மேல் தட்டோடு பதிப்பது நெடுநாளைய வழக்கம். கட்டி முடித்த பிறகு போல்ட்டுக்காக அதில் துளைபோடுகிற ஒவ்வொரு தடவையும் மழைக்கு ஒரு வாசலைத் திறந்துவிடுகிறோம். துளை வழியே இறங்கிய நீர் நேர்கீழே சொட்டாது; கலவைக்கும் தளத்துக்கும் நடுவே ஓடி, எங்கோ ஓர் அறையின் மூலையில் ஈரமாகத் தலைகாட்டும். எனவே குட்டைத் தூண் தளத்தோடு ஒன்றாக முதலில் எழும்ப வேண்டும். ஜல்லிக் கலவை அதன் பிறகு வந்து, தூணின் அடியை வளைவாகத் தழுவி மேலேற வேண்டும். உயரமும் அற்ப விஷயமன்று. யந்திரத்துக்குக் கீழே கொத்தனார் நுழைந்து ஓட்டைப் பழுதுபார்க்க இடம் இல்லாவிட்டால், பழுது பார்க்கப்படவே மாட்டாது. அமெரிக்கக் கூரை ஒப்பந்தக்காரர் சங்கத்தார் யந்திரத்தின் அகலத்தைக்கொண்டு இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: இரண்டடி அகலம் வரையில் 14 அங்குல இடைவெளி, ஐந்தடிக்கு மேற்பட்டால் 48 அங்குலம். முழந்தாள் அளவுக்குக்கூட எழும்பாத நம் மாடிச் சட்டங்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

பாரமும் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியும், அதிர்வு தெரியாது. யந்திரம் நிமிஷத்துக்கு 1440 சுற்றுச் சுழலுமானால் விநாடிக்கு 24 தடவை தன் கால்களை உதைக்கிறது. அந்தக் கால்களுக்கு அடியில், பாரத்தால் 25 மில்லிமீட்டர் அமுங்கும்படியான சுருள்வில்லை வைத்தால், வில்லின்மேல் யந்திரம் இயல்பாக ஆடுவது விநாடிக்கு மூன்று தடவைக்குச் சற்று அதிகம். இரண்டு வேகங்களும் இவ்வளவு விலகியிருப்பதனால் உதையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் கட்டடத்தை எட்டுகிறது. ரப்பர் அட்டை மலிவு. வேகமாகச் சுழலும் யந்திரங்களுக்கு அது உதவவும் செய்யும். ஆனால் நிமிஷத்துக்கு 300 சுற்று மட்டும் சுழலுகிற குளிர்விப்புக் கோபுரத்து விசிறிக்கடியில் அதையே வைத்தால், அட்டையின் இயல்பான ஆட்டமும் விசிறியின் ஆட்டமும் அருகருகே வந்து, அதிர்வு குறைவதற்குப் பதிலாகப் பெருகிவிடும். இன்னும் ஒரு சூக்ஷ்மம்: தூண்களுக்கு நடுவேயுள்ள தளமே ஒரு வில்லைப்போல் வளைந்துகொடுப்பதாகையால், அங்கே வைத்த சுருள்வில் எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. பாரத்தின் பொருட்டுத் தூண்தலையை நாடிய யந்திரம், அமைதியின் பொருட்டும் அதையே நாடவேண்டியிருக்கிறது.

சூரிய ஒளித் தகடுகளுக்கு வந்தால் நியாயம் தலைகீழாகிறது. இரண்டு சதுர மீட்டர்த் தகட்டின் எடை இருபத்தைந்து கிலோவுக்குள் அடங்கும்; அதைத் தாங்குவது பிரச்சினையே அல்ல, பறந்துபோகாமல் பிடித்துவைப்பதே பிரச்சினை. சென்னைக்கு விதிகள் குறித்துள்ள அடிப்படைக் காற்றுவேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில் வரும். சாய்ந்திருக்கும் தகட்டின் அடியில் புகுந்துவிட்டால் அதில் பெரும்பங்கு மேல்நோக்கித் தூக்குவதிலேயே செலவாகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த விசையை வர்ணிக்கத் தேவையில்லை. ஓட்டைத் துளைக்க மனமில்லாதவர்கள் சட்டத்தின் கால்களில் கான்கிரீட் கட்டைகளை ஏற்றிக் கனப்படுத்துகிறார்கள். அது நல்ல உபாயந்தான். ஆனால் காற்றுக்காக ஏற்றிய அந்தக் கட்டைகளின் எடை முழுவதும், காற்றே அடிக்காத நாட்களிலும், தளத்தின் 150 கிலோக் கணக்கிலேயே போய்ச் சேருகிறது.