நாற்காலியை விட்டு எழ எத்தனை நொடி?

"வெயிட் அதே 58 கிலோதான் மாமா, ஆனா மாடிப்படி ஏறக் கால் வரமாட்டேங்கறது." கேரளத்தின் கரமனை அக்ரஹாரத் திண்ணைகளில் கேட்கக்கூடிய பேச்சு இது. வயதாக ஆகத் தசை கரைகிறது, கொழுப்பு சேர்கிறது. ஒன்று போனதை மற்றது ஈடுகட்டுவதால் எடை மாறுவதில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் 12.6 விழுக்காட்டினர் 60 வயதை எட்டியவர்கள். இந்திய சராசரி 8.6. ஆகவே இந்தக் கவலை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

தசையோடு சேர்ந்து குறைவது வளர்ச்சி ஹார்மோன். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இதை விட்டு விட்டு, பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில் சுரக்கிறது. பகலில் இரத்தம் எடுத்தால் அனேகமாக ஒன்றும் பிடிபடாது. அதனால்தான் ஐஜிஎஃப்-1 என்ற புரதத்தை அளக்கிறார்கள். ஹார்மோன் தூண்ட, கல்லீரல் அதை உண்டாக்குகிறது. நாள் முழுக்க அளவு அதிகம் மாறாது. ஆனால் 75 வயதுக்காரரின் அளவை 30 வயதுக்காரரின் அளவோடு ஒப்பிட்டால் குறைவாகத்தான் தெரியும். சாப்பாட்டில் புரதம் போதாவிட்டாலும், கல்லீரல் நோய் இருந்தாலும், சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனாலும் அது இறங்கும். பிட்யூட்டரிக் கோளாறுகளைக் கண்டறிய உதவும் அருமையான சோதனை அது. வயதானவரின் கால் பலத்தை அது சொல்லாது.

1990-இல் அமெரிக்காவில் முதியோரின் தசை இழப்பை ஈடுகட்ட முயன்ற இரண்டு ஆய்வுகள் ஒரு மாத இடைவெளிக்குள் வெளியாயின. டேனியல் ரட்மன் குழுவினர் 61 முதல் 81 வயது வரையிலான, ஐஜிஎஃப்-1 குறைந்த 21 ஆண்களில் 12 பேருக்கு ஆறு மாதம் ஹார்மோன் ஊசி போட்டார்கள். கொழுப்பு 14.4 விழுக்காடு குறைந்தது. கொழுப்பு நீங்கலான உடல் எடை 8.8 விழுக்காடு கூடியது. முதுமையை விரட்டும் ஊசி என்று ஒரு வியாபாரமே அதன்மேல் எழுந்தது. 1996-இல் 69 வயதைத் தாண்டிய 52 ஆண்களிடம் நடத்திய சோதனையில் உடலமைப்பு மாறியது, பலம் மட்டும் கூடவில்லை. கால் வீக்கமும் மூட்டு வலியும்தான் மிச்சம். இரத்தச் சர்க்கரை ஏறும் ஆபத்தும் பின்னால் தெரிந்தது.

1990-இன் மற்ற ஆய்வு பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் செய்தது. முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி. முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. பரவலாகப் பேசப்பட வேண்டியது இதுதான். விலைக்கு விற்க ஒன்றும் இல்லாததால் இது பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

முதுமையில் செய்து பார்க்க வேண்டிய சோதனை வீட்டிலேயே இருக்கிறது. நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை பலவீனமாக இருக்கலாம் என்கிறது ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறை. அதே எழுந்து உட்காருவதே பயிற்சியும்கூட.

அடுத்தது சாப்பாடு. முதியோருக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது நிபுணர் பரிந்துரை. ரசஞ்சாதமும் நீர்மோரும் அந்தக் கணக்கை எட்டாது. சுண்டல், கெட்டித் தயிர், பருப்பு ஆகியவை மூன்று வேளையிலும் இடம்பெற வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.