பத்தாம் நாள் தையல் பிரிக்கும் முன்

என் மகள் ஒன்பது வயதில் பள்ளி மைதானத்தில் விழுந்தாள். முழங்காலில் ஒரு கல் குத்தியது, அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளுக்கு அது சிராய்ப்போடு போயிருக்கும். அவளுக்குத் தோல் மீன் வாய் பிளந்தாற்போல் பிளந்துகொண்டது. ஆறு தையல் போட்டார்கள். பத்தாம் நாள் பிரித்தார்கள். பதினோராம் நாள் காலை படுக்கையை விட்டு எழுந்து காலை மடக்கினாள்; அதே இடம் மறுபடி திறந்துகொண்டது. மைசூரில் நாங்கள் போன அந்த மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, "மகூன ஓடாடக்கெ பிட்ரா?" குழந்தையை ஓட விட்டீர்களா என்று. அவள் ஓடவில்லை, பல் துலக்கப் போனாள்.

அடுத்து ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. கருவாடு கொடுத்திருப்பாய் என்றார் மாமியார். திருஷ்டி என்றார் பக்கத்து வீட்டு அக்கா. காயத்தில் காபித் தூளை வைத்து அழுத்து, ரத்தம் நின்றுவிடும் என்றார் இன்னொருவர். இரண்டு வருடம் கழித்து அவள் உடம்புக்கு ஒரு பெயர் கிடைத்தது: எஹ்லர்ஸ்-டான்லோஸ். அந்த இரண்டு வருடமும் அவள் காயம் ஆறாததற்கு என் கவனக்குறைவுதான் காரணம் என்று நானே நம்பியிருந்தேன். வேறொரு தாய் அப்படி நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1901ல் டென்மார்க்கின் எட்வர்ட் எஹ்லர்ஸும் 1908ல் பிரான்சின் ஆன்ரி-அலெக்சாந்தர் டான்லோஸும் விவரித்த நோய் இது. இருவருமே தோல் மருத்துவர்கள். 2017ல் வந்த சர்வதேச வகைப்பாடு இதை 13 வகையாகப் பிரித்தது. பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. காயம் ஆறுவதில் அதிகம் சிக்கல் தருவது 'கிளாசிக்கல்' எனப்படும் வகை. உலக அளவில் ஏறத்தாழ 20,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் மைசூர் நகரின் மக்கள் தொகை சுமார் 9 லட்சம். அந்த விகிதத்தை இங்கே பொருத்தினால் நாற்பது, நாற்பத்தைந்து பேராவது இந்த ஊரில் இருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் நோயின் பெயர் தெரியும்?

பட்டு நெய்யும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் தோலின் பாவு நூல் கொலாஜன் என்ற புரதம். காயம் பட்டால் உடம்பு முதலில் அவசரத்துக்கு ஒரு மெல்லிய கொலாஜனை நெய்து ஓட்டையை அடைக்கும்; பிறகு மாதக்கணக்கில் அதை எடுத்துவிட்டு உறுதியான நூலை வைத்து நெய்யும். நூலின் பருமனையும் வரிசையையும் ஒழுங்குபடுத்துவது ஐந்தாம் வகைக் கொலாஜன். கிளாசிக்கல் வகையில் பெரும்பாலும் அதைச் செய்யும் மரபணுவில்தான் பிழை. தறி ஓடுகிறது, ஆனால் நூல் ஒரே சீராக வருவதில்லை. அதனால் தோல் வெல்வெட் மாதிரி மிருதுவாக இருக்கும், இழுத்தால் நீளும், லேசாக இடித்தாலும் கன்றிப்போகும். தழும்பு அகன்று, வெங்காயச் சருகு போல மெல்லியதாகச் சுருங்கிக் கிடக்கும். மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும். கட்டைவிரலை முன்கையோடு தொட வைத்துப் பள்ளித் தோழிகளுக்கு வேடிக்கை காட்டும் பெண்ணின் முழங்காலில் இப்படிப்பட்ட தழும்புகளும் இருந்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஆரோக்கியமான தோலுக்கே காயம் பட்டு மூன்று வாரம் ஆன பிறகும் பழைய வலிமையில் 20 முதல் 30 விழுக்காடுதான் திரும்பியிருக்கும். மூன்று மாதத்தில் 80 விழுக்காடு வரை வரும், அதற்கு மேல் வருவதில்லை. மற்றவர்கள் கணக்கே இது என்றால், நூலே பழுதான உடம்புக்குப் பத்து நாள் எப்படிப் போதும்? இந்த நோயாளிகளின் காயத்தை இழுவிசை இல்லாமல், முடிந்தவரை இரண்டு அடுக்காகத் தைக்க வேண்டும் என்பது நோய்க்கான மருத்துவ வழிகாட்டலிலேயே இருக்கிறது. உள்தையல் தாராளமாகப் போட வேண்டும். வெளித்தையலை வழக்கத்தைப் போல இருமடங்கு நாள் விட்டுவைக்க வேண்டும். பிரித்த பிறகும் ஓரங்களை ஒட்டுநாடாவால் சேர்த்துப் பிடித்திருந்தால் தழும்பு அகலாமல் இருக்கும். முழங்காலில் மற்றவர்களுக்கு இரண்டு வாரம் என்றால் இவர்களுக்கு நான்கு வாரம். இதற்குப் புது மருந்து எதுவும் வேண்டாம், காலண்டரில் கூடுதலாகப் பதினான்கு நாள் போதும்.

இன்னொன்றையும் தையலுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மரத்துப்போவதற்குப் போடும் ஊசி, மூட்டு அதிகம் வளையும் சிலருக்குச் சரியாகப் பிடிக்காது. அல்லது சீக்கிரம் தெளிந்துவிடும். வலிக்கிறது என்று குழந்தை அலறினால் அது அடம் அல்ல. ஊசியையும் தைப்பதையும் நிறுத்திவிட்டு, மரத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்காதீர்கள். ஓடும் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். காபித் தூள், மஞ்சள், சாம்பல், சுண்ணாம்பு, எதுவும் வேண்டாம். நம் பாட்டிமார் அன்போடு செய்ததுதான். ஆனால் பிளந்த காயத்துக்குள் போன தூளைப் பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அப்போது தோலும் சேர்ந்து வரும். சாதாரண பிளாஸ்திரியும் ஒரு எதிரி. உரிக்கும்போது மேல்தோல் அதோடு வந்துவிடும். வாஸலின் தடவிய காஸ் வைத்து மேலே துணி பேண்டேஜைச் சுற்றுங்கள். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் சிலிகோன் பிளாஸ்திரி கேளுங்கள். ஒட்டியதை எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், எண்ணெய் தடவி ஊறவிட்டு, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக எடுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெட்டனஸ் ஊசி விட்டுப்போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். நெல்லிக்காயும் கொய்யாவும் நல்லவைதான், கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை. மரபணுப் பிழையை அவை திருத்திவிடாது. அப்படித் திருத்தும் பொடி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

விளையாடவே கூடாது என்று பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்க நான் சொல்ல மாட்டேன். என் மகள் சைக்கிள் ஓட்டுகிறாள். முழங்காலுக்கும் கணுக்கால் எலும்புக்கும் திண்டு வைத்த காப்பு கட்டிக்கொண்டுதான் போவாள். அதுவும் வெயிலில் வேர்க்கிறது என்று அழுதிருக்கிறாள்.

ஒரு வகை உயிருக்கே ஆபத்தானது. அதில் ரத்தக் குழாய் வலுவிழந்திருக்கும். மூன்றாம் வகைக் கொலாஜன் மரபணுவில் பிழை. தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெளிவாகத் தெரியும். குடும்பத்தில் யாராவது இளம் வயதிலேயே திடீர் ரத்தப்போக்கால் இறந்திருக்கலாம். இவர்களுக்குத் திடீரென்று நெஞ்சிலோ வயிற்றிலோ கடுமையான வலி வந்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 108ஐக் கூப்பிடுங்கள், ஏறியதுமே நோயின் பெயரைச் சொல்லுங்கள். எந்த வகை என்று மரபணுப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்வது அவசியம் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

எஹ்லர்ஸ்-டான்லோஸ் போலவே 'இணைப்புத் திசு நோய்' என்ற பெயரில் வேறொரு கூட்டமும் இருக்கிறது. லூபஸ், ஸ்கிளீரோடெர்மா போன்றவை பிறவிப் பிழையல்ல. அவற்றில் உடம்பின் காவல்படையே உடம்பைத் தாக்குகிறது. அவர்களுக்கும் புண் ஆறத் தாமதமாகும், காரணம்தான் வேறு. ஸ்கிளீரோடெர்மாவில் விரல் நுனிக்கு ரத்தம் போவது குறைந்து புண் வரும். மைசூரின் மார்கழிக் காலைக் குளிரில் விரல் வெளுத்து, பிறகு நீலமாகிப்போகிறவர்கள் கையுறையைக் கழற்றக் கூடாது, புகைக்கவே கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அதற்காக மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் பெரிய ஆபத்து. அளவை மாற்றுவது மருத்துவர் வேலை.

நம் வீடுகளில் பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். கிளாசிக்கல் வகை, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரலாம். முதுகெலும்பு வளையும் வகை போன்ற சில அரிய வகைகள், தாய் தந்தை இருவருமே பிழையைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு வரும். சொந்தத்தில் கல்யாணம் நடக்கும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. 1980களில் பெங்களூரு, மைசூரு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற தம்பதிகளிடம் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு தம்பதி சொந்தத்தில் மணந்தவர்களாக இருந்தார்கள். தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கொடுப்பது இங்கே தமிழர்களுக்கும் கன்னடர்களுக்கும் பொது. யாரையும் பழிக்க இதைச் சொல்லவில்லை. அடுத்த கல்யாணம் பேசுவதற்கு முன் ஒரு மரபணு ஆலோசகரைப் பாருங்கள் என்கிறேன். தேசிய அரிய நோய்க் கொள்கை 2021ல் அறிவிக்கப்பட்டது. அதன் சிறப்பு மையங்களில் பெங்களூரின் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் சேர்ந்த ஒன்று உண்டு. மைசூரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் பின்னர் சேர்ந்தது. கொள்கையின் பட்டியலில் உள்ள நோய்களுக்கு இந்த மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் அதில் இருக்கிறது. உங்கள் நோய் இருக்கிறதா என்று மையத்தில் நேரடியாகக் கேளுங்கள்.

இனி ஒரு காகிதத்தைப் பற்றி. பெயர் கிடைத்த அன்று மருத்துவரிடம் ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்கினேன். நோயின் பெயர், வகை, இரண்டடுக்குத் தையல், இருமடங்கு நாள், எந்தப் பிளாஸ்திரி கூடாது, மரப்பு ஊசி பற்றிய எச்சரிக்கை, யாரைக் கூப்பிட வேண்டும். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் கன்னடம். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒன்று புத்தகப் பையில், ஒன்று வகுப்பு ஆசிரியையிடம், ஒன்று என் பர்ஸில். பதற்றத்தில் கன்னடம் வரவில்லை என்றால் ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "காயா பேக வாசியாகல்லா, ஹொலிகெ பிச்சிக்கொள்ளுத்தெ." காயம் சீக்கிரம் ஆறாது, தையல் விட்டுப்போகும்.

மருத்துவரிடம் இப்படி விளக்கம் கேட்டு எழுதி வாங்குவது சலுகை அல்ல. நோயாளிக்குப் புரியும்படி விளக்காமல் வாங்கும் ஒப்புதல் ஒப்புதலே அல்ல என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2008ல் சமீரா கோலி வழக்கில் எடுத்தது. உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. விபத்தில் அடிபட்டவருக்கு முதலுதவி மறுக்கக் கூடாது என்பது 1989லேயே தீர்ந்த விஷயம்.

தையல் விட்டுப்போனதெல்லாம் மருத்துவரின் அலட்சியம் ஆகாது. இந்த உடம்பில் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் சில காயங்கள் திறக்கும். நீங்கள் சொன்னதை, காட்டிய காகிதத்தை, ஒருவர் பார்க்காமலே ஒதுக்கினார் என்றால் அது வேறு. அதை அன்றே பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள், காயத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். தனியார் மருத்துவமனை மீதான புகாருக்கு, கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் குறைதீர் அமைப்பு இருக்கிறது. இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே கண்காணிப்பாளரிடமும், மருத்துவரின் நடத்தை பற்றிக் கர்நாடக மருத்துவக் கவுன்சிலிடமும் எழுத வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்; தொலைபேசி 15100.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 குறைபாடுகளில் இந்த நோய் பெயர் சொல்லி இல்லை. மூட்டு நழுவி நடக்கவோ எழுதவோ முடியாத அளவுக்குப் போனால் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில் மதிப்பிடக் கேளுங்கள். 40 விழுக்காடு என்று சான்று வந்தால் பல உரிமைகள் அதோடு வரும். காப்பீட்டில் நோயை மறைக்காதீர்கள். மரபணு நோய் என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கையை மறுப்பதை 2018 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் கண்டித்தது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு அப்படியே அறிவுறுத்தியது. மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் பெங்களூரில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர் அதிகாரியிடம் ஓராண்டுக்குள் போகலாம், கட்டணம் கிடையாது.

போன வருடம் என் மகள் மறுபடி விழுந்தாள், இந்த முறை தாடை. பணியில் இருந்த இளம் மருத்துவர் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். மூத்தவரைக் கூப்பிட்டுப் பேசினார். உள்ளே ஒரு அடுக்கு, வெளியே ஒரு அடுக்கு. முகத்தில் வழக்கமாக ஐந்து நாளில் பிரிப்பதைப் பத்து நாளுக்குத் தள்ளி வைத்தார். வெளியே வரும்போது அந்தக் காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.