அருவி கேரளாவில், அரண்மனை ஹைதராபாத்தில்: 'பாகுபலி'யின் மகிழ்மதியை நேரில் காண்பது எப்படி?

சந்தாபுரா (பெங்களூரு): எலக்ட்ரானிக் சிட்டிக்கும் ஓசூருக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலை 44-ல் அமைந்துள்ளது சந்தாபுரா. இந்தச் சாலையில் வடக்கே சென்றால் கர்னூல், ஹைதராபாத். தெற்கே சென்றால் சேலம், அங்கிருந்து கோவை, பாலக்காடு வழியாகக் கேரளா. இயக்குநர் எஸ்.எஸ்.ராஜமௌலியின் 'பாகுபலி' படங்களில் இடம்பெற்ற மகிழ்மதி நாட்டின் முக்கியப் பகுதிகள் இந்த இரு திசைகளிலும்தான் படமாக்கப்பட்டன. தொடர் விடுமுறை கிடைத்தால் அவற்றை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று விரும்பும் ரசிகர்கள், எங்கே எதைக் காண முடியும், எதைக் காண முடியாது என்பதை முன்னரே அறிந்துகொள்வது நல்லது.

'பாகுபலி: தி பிகினிங்' 2015 ஜூலை 10-ம் தேதியும், 'பாகுபலி 2: தி கன்க்ளூஷன்' 2017 ஏப்ரல் 28-ம் தேதியும் வெளியாகின. முதல் பாகம் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதுடன், காட்சி விளைவுகளுக்கான தேசிய விருதையும் பெற்றது. மகிழ்மதி என்ற நாட்டின் பெரும்பகுதி கணினியில் உருவானது என்பதை அந்த இரண்டாவது விருதே சொல்லிவிடுகிறது.

படப்பிடிப்பு தொடங்கிய பாறைகள்: ஆந்திர மாநிலம் கர்னூலில் இருந்து நந்தியால் செல்லும் சாலையில் உள்ளது ஓர்வகல். 2013 ஜூலை 6-ம் தேதி 'பாகுபலி' படப்பிடிப்பு இங்குள்ள பாறைப் பூங்காவில்தான் தொடங்கியது. காற்றும் நீரும் நீண்டகாலம் செதுக்கிய பாறைகள், அவற்றுக்கிடையே தேங்கி நிற்கும் நீர்நிலை, நடைபாதை ஆகியவையே இங்கு காணக் கிடைப்பவை. அரை நாள் போதும். வெயில் கடுமையான ஊர் என்பதால் காலையிலேயே சென்றுவிடுவது உத்தமம். கர்னூல் விமான நிலையமும் ஓர்வகலில்தான் அமைந்துள்ளது.

நிற்கும் அரண்மனை: ஹைதராபாத்தின் புறநகரில், விஜயவாடா சாலையில் உள்ள ராமோஜி ஃபிலிம் சிட்டி, உலகின் மிகப்பெரிய திரைப்பட ஸ்டுடியோ வளாகம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. கலை இயக்குநர் சாபு சிரில் வடிவமைத்த மகிழ்மதி அரங்கு இங்கு பார்வையாளர்களுக்காகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. அரண்மனை முற்றம், தூண்கள், பிரம்மாண்டச் சிலைகள் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் காணலாம். தட்டிப் பார்த்தால் கல் அல்ல என்பது புரியும். திரையில் அரண்மனைக்குப் பின்னால் விரிந்த நகரமும் மலைகளும் இங்கு இல்லை; அவை கணினி வரைகலையில் சேர்க்கப்பட்டவை.

படப்பிடிப்பு அரங்குகள் பொதுவாக வேலை முடிந்ததும் பிரிக்கப்பட்டுவிடும். அரங்கையே சுற்றுலாத் தலமாக நிலைநிறுத்தும் வழக்கத்துக்கு நியூசிலாந்து ஓர் எடுத்துக்காட்டு. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்காக மாட்டமாட்டா அருகே ஒரு பண்ணை நிலத்தில் ஹாபிட்டன் கிராமம் அமைக்கப்பட்டது. முதலில் தற்காலிகமாகக் கட்டப்பட்ட அந்த வீடுகள், 'தி ஹாபிட்' படங்களுக்காக நிலைத்து நிற்கும் பொருட்களால் மீண்டும் கட்டப்பட்டன. ஆட்டுப் பண்ணையாக இருந்த இடம் இன்று உலகெங்கிலும் இருந்து ரசிகர்கள் வந்து செல்லும் ஊராகிவிட்டது.

அதிரப்பள்ளி அருவி: பயணத்தில் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான். சிவுடு மலையேற முயன்று விழுந்து, மீண்டும் ஏறும் அந்த அருவிக்கு அடிப்படையாக அமைந்தது, கேரள மாநிலம் திருச்சூர் மாவட்டத்தில் சாலக்குடி ஆற்றின் மீதுள்ள அதிரப்பள்ளி அருவி. சந்தாபுராவில் இருந்து சாலை வழியாகச் சுமார் 500 கி.மீ. தொலைவு. ரயிலில் செல்வோர், பெங்களூரில் இருந்து எர்ணாகுளம் செல்லும் ரயிலில் திருச்சூரில் இறங்கி, சாலக்குடி வழியாகச் செல்லலாம். சாலக்குடியில் இருந்து அருவி சுமார் 30 கி.மீ. தூரத்தில் உள்ளது.

திரையில் வானத்தைத் தொட்ட அருவியின் உண்மையான உயரம் சுமார் 80 அடி மட்டுமே. நடிகர் பிரபாஸ் பாறையில் ஏறும் காட்சிகளுக்கு அரங்கு அமைக்கப்பட்டு, உயரமும் நீரும் கணினியில் பல மடங்கு பெருக்கப்பட்டன. எனவே படத்தில் கண்ட அதே காட்சியை எதிர்பார்த்துச் செல்வோருக்கு முதல் பார்வையில் சற்று ஏமாற்றம் ஏற்படலாம். ஆனால் மழைக்காலத்தில் அருவியின் அடிவாரத்துக்கு இறங்கிச் சென்று, முகத்தில் சாரல் அறைய நிமிர்ந்து பார்ப்பவருக்கு 80 அடி குறைவாகத் தோன்றாது. தமிழ் ரசிகர்களுக்கு இது புதிய இடமும் அல்ல. கமல்ஹாசன் நடித்த 'புன்னகை மன்னன்', மணிரத்னத்தின் 'ராவணன்' ஆகிய படங்களில் இதே அருவி இடம்பெற்றுள்ளது.

நீரின் அளவை முடிவு செய்வது யார்?: ஆனைமலைத் தொடரில் உருவாகும் ஓடைகள் சேர்ந்து சாலக்குடி ஆறாகின்றன. அதன் மேல்பகுதி நீரில் ஒரு பங்கு, பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் மூலம் தமிழ்நாட்டின் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை பகுதி வயல்களுக்குத் திருப்பப்படுகிறது. அருவிக்கு மேலே கேரளாவின் சோலையாறு, பொரிங்கல்குத்து அணைகள் உள்ளன. 1957 முதல் செயல்படும் பொரிங்கல்குத்து நீர்மின் நிலையம் எவ்வளவு நீரை வெளியேற்றுகிறது என்பதைப் பொறுத்தே, கோடைக்காலத்தில் அருவியில் விழும் நீரின் அளவு அமைகிறது. காலையில் மெலிந்து காணப்படும் அருவி, மின்தேவை கூடும் நேரத்தில் வலுப்பெறுவதும், ஆற்றில் நீர்மட்டம் திடீரென உயர்வதும் இதனால்தான். பாறைகளில் இறங்கிக் குளிப்பதற்கு விதிக்கப்பட்டுள்ள தடையைப் பயணிகள் அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

அருவிக்கு மேல்பகுதியில் 163 மெகாவாட் திறன் கொண்ட மற்றொரு நீர்மின் திட்டத்தைக் கேரள மின்வாரியம் பல ஆண்டுகளாக முன்வைத்து வந்தது. அணை கட்டினால் ஆண்டின் பெரும்பகுதி அருவி வறண்டுவிடும் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தனர். மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலை வல்லுநர் குழு, 2011-ல் அளித்த அறிக்கையில் இத்திட்டத்துக்கு அனுமதி அளிக்க வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. 2020-ல் மாநில அரசு தடையில்லாச் சான்று வழங்கியபோது எதிர்ப்பு மீண்டும் வலுத்தது. 'பாகுபலி'யால் நாடெங்கும் அறிமுகமான அருவி என்பதால், அணை விவாதம் கேரளாவுக்கு வெளியே உள்ளவர்களையும் எட்டியது.

இது வெறும் காட்சியழகு சார்ந்த பிரச்சினை அல்ல. அருவியைச் சுற்றியுள்ள வாழச்சால் வனப்பகுதி, காடர் பழங்குடியினரின் வாழ்விடம். 2014-ல் இங்குள்ள காடர் குடியிருப்புகளுக்கு வன உரிமைச் சட்டத்தின் கீழ் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. தென்னிந்தியாவில் காணப்படும் நான்கு வகை இருவாச்சிப் பறவைகளும் வாழும் காடு இது. அவற்றின் கூடுகளைக் காக்கும் பணியில் காடர் மக்களே ஈடுபட்டு வருகின்றனர். திரையில் மனித நடமாட்டமே அற்றதாகத் தோன்றும் மலைக்கு உரியவர்கள் உண்டு.

ரசிகர்கள் பெருகினால் என்ன நடக்கும்?: படம் தேடித்தரும் புகழ் ஓர் இடத்துக்குச் சுமையாகவும் மாறக்கூடும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் தலைநகராகக் காட்டப்பட்ட குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரம், கூட்டத்தைத் தாங்க முடியாமல் சொகுசுக் கப்பல்களின் வருகைக்கு வரம்பு விதித்தது. வேல்ஸ் கடற்கரையில் 'ஹாரி பாட்டர்' படத்தின் டாபி கதாபாத்திரத்துக்கு ரசிகர்கள் எழுப்பிய நினைவிடத்தை நீக்கத் தேவையில்லை என 2022-ல் முடிவு செய்த நேஷனல் டிரஸ்ட் அமைப்பு, அங்கு காலுறைகளை விட்டுச் செல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டது. அதிரப்பள்ளியில் காலுறைகளுக்குப் பதில் நெகிழிப் பைகள் என்பதுதான் வேறுபாடு. குரங்குகளும் மான்களும் அவற்றைத் தின்ன நேரிடுகிறது.

எப்போது செல்லலாம்?: தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அருவி முழு வேகத்தில் இருக்கும். எனினும் கனமழை நாட்களில் பார்வையாளர்களுக்கு அனுமதி மறுக்கப்படலாம் என்பதால், புறப்படும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர் மாதங்கள் குடும்பத்துடன் செல்ல ஏற்றவை. அருவியில் இருந்து வாழச்சால், மலக்கப்பாறை வழியாக வால்பாறைக்குச் சென்று, பொள்ளாச்சி வழியே ஊர் திரும்பும் காட்டுப்பாதையும் உண்டு. இரவில் அந்தப் பாதையில் செல்ல அனுமதி கிடையாது. காட்டு யானைகள் நடமாடும் சாலை அது. 'கபாலி' என்று அப்பகுதியினர் அழைக்கும் யானை ஒன்று 2022 நவம்பரில் வழிமறித்ததால், பயணிகளுடன் சென்ற தனியார் பேருந்து சுமார் 8 கி.மீ. தூரம் பின்னோக்கியே இயக்கப்பட்டது. வாழச்சால் சோதனைச் சாவடியை நண்பகலுக்குள் கடந்துவிடுமாறு பயணத்தைத் திட்டமிட்டால், வெளிச்சம் இருக்கும்போதே வால்பாறையை அடைந்துவிடலாம்.